கரைக்கும் கேமராவுக்கும் நடுவே: நார்ஃபோக் ஏரிகளின் மூட்டமும் பீட்டர் ஹென்றி எமர்சனின் ஒளிப்படங்களும்

1. ஆய்வின் எல்லை

அமைதியான ஏரிக்கரையைக் காட்டும் ஒளிப்படத்தைப் பார்ப்பவர்கள் முதலில் நீரைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு மரம், படகு, வானம் என்று பேச்சு நகரும். கேமராவுக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே நிற்கும் காற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் அப்படங்களில் பெரும்பாலானவற்றின் உயிர் அந்தக் காற்றில்தான் இருக்கிறது. அதில் ஈரம் ஏறும்போது எதிர்க்கரை மங்குகிறது, அருகில் உள்ள நாணல் கருமை கூடித் தனியே நிற்கிறது, இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. வானிலை கூடிய நிலக்காட்சிப் படம் என்று சொல்லும்போது நாம் உணர்வது இந்தத் தொலைவைத்தான்.

இதை ஆராய இங்கிலாந்தின் கிழக்கே உள்ள நார்ஃபோக் பிராட்ஸ் என்னும் ஏரித்தொகுதியையும், அங்கே 1880களின் நடுவிலிருந்து சில ஆண்டுகள் படமெடுத்த பீட்டர் ஹென்றி எமர்சனையும் எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. மூட்டத்தையும் நீரையும் படமெடுத்தவர்கள் பலர். அதற்கு ஒரு கொள்கை வகுத்து, அக்கொள்கையை ஊரறியக் கைவிட்டு, கைவிட்ட அதே குளிர்காலத்தில் தம் ஆகச்சிறந்த படங்களையும் எடுத்தவர் எமர்சன் ஒருவரே. அவர் கொள்கையைத் துறந்ததற்கு ஓர் அறிவியல் உண்மை காரணமாக இருந்தது. அந்த உண்மையிலிருந்து அவர் எடுத்த முடிவு தவறு என்பதும், அதற்கான சான்று அவருடைய படங்களிலேயே இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

2. நிலம்

நார்ஃபோக் பிராட்ஸ் பகுதியில் சிறிதும் பெரிதுமாகப் பல ஏரிகள் உள்ளன. பூர், ஆன்ட், தர்ன், யார், வேவ்னி ஆகிய ஆறுகளை ஒட்டி அவை விரிந்து கிடக்கின்றன. ஹிக்லிங் அவற்றுள் பெரியது. ஆழம் மிகக் குறைவு. பெரும்பாலான இடங்களில் ஓர் ஆள் உயரத்தைச் சுற்றியே இருக்கும்.

இவை இயற்கை ஏரிகள் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. எமர்சனும் அப்படித்தான் எண்ணியிருப்பார். 1950களில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவரவியலாளர் ஏரிப்படுகைகளில் வரிசையாகத் துளையிட்டு மண்ணை எடுத்துப் பார்த்தார். பக்கங்கள் செங்குத்தாக இறங்குவதும் அடிப்பரப்பு சமமாக இருப்பதும் தெரியவந்தன. மண்வெட்டி பட்ட இடத்தில்தான் நிலம் அப்படி இருக்கும். இடைக்கால மக்கள் அடுப்பெரிக்க வெட்டியெடுத்த பீட், அதாவது சதுப்பில் முழுதும் மட்காமல் படிந்து இறுகிய தாவரப் படிவு, விட்டுச்சென்ற குழிகளே இந்த ஏரிகள். கடல்மட்டம் உயர உயரக் குழிகளில் நீர் புகுந்தது. 14ஆம் நூற்றாண்டளவில் அவற்றில் பீட் வெட்டுவது கைவிடப்பட்டது. உடன் ஆய்வாளர்களுடன் லாம்பர்ட் எழுதிய முழுநூல் 1960இல் வெளிவந்தது.

ஒளிப்படத்துக்கு இந்த வரலாறு வெறும் பின்னணித் தகவலாக நின்றுவிடவில்லை. வெட்டிய குழி என்பதால் கரை தாழ்ந்திருக்கிறது; சுற்றிலும் சதுப்பு என்பதால் மலையோ மேடோ இல்லை. வடமேற்கு இங்கிலாந்தின் லேக் டிஸ்டிரிக்டில் ஒரு மலைக்குப் பின்னால் இன்னொரு மலை தெரிகிறது. ஒன்றை ஒன்று மறைப்பதாலேயே எது அருகில், எது தொலைவில் என்று கண் அறிந்துகொள்கிறது. நார்ஃபோக்கில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. அடிவானம் ஒரு மெல்லிய கோடு, மேலே வானம், கீழே வானத்தின் பிரதிபலிப்பு. ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் நாணலுக்கும் ஐந்நூறு மீட்டர் தள்ளி நிற்கும் மரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காற்றின் மங்கல் மட்டுமே சொல்லியாக வேண்டும். எமர்சன் வேறெங்கோ வாழ்ந்திருந்தால் இவ்வளவு பிடிவாதமான மூட்டக் கலைஞராக ஆகியிருப்பாரா என்பது ஐயமே.

3. காற்றும் நீரும் செய்வது

இப்பகுதியைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. கலை பற்றிய பேச்சில் மூட்டத்தை வெறும் மனநிலையாக ஆக்கிவிடும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. மூட்டத்துக்கு ஒரு நடத்தை உண்டு. அதை அறியாமல் படத்தைச் சரியாகப் பார்க்க முடியாது.

தெளிந்த இலையுதிர்கால இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக வானுக்கு இழந்துவிடுகிறது. நீர் மெதுவாகவே குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது தாழ்வான ஏரியை நோக்கி வழிந்து, இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும் நீரின்மேல் படிகிறது. நீரிலிருந்து எழும் ஆவி அக்காற்றில் சேர்ந்து துளிகளாகத் திரள்கிறது. காற்று வீசினால் எல்லாம் கலைந்துவிடும். மூட்டமும் கண்ணாடி போன்ற நீர்ப்பரப்பும் பெரும்பாலும் ஒரே விடியலில் வாய்ப்பது இதனால்தான்: இரண்டுக்கும் காற்றின் ஓய்வு தேவை. ஆழமற்ற பிராட்ஸ் ஏரிகள் ஆழமான ஏரிகளைவிட விரைவில் சூட்டை இழப்பதால் இந்த ஆவிமூட்டத்துக்கு அங்கே வாய்ப்பு பருவத்தின் தொடக்கத்திலேயே அதிகம். கடுங்குளிரில் வேறொன்று நிகழ்கிறது. உறைநிலைக்குக் கீழே போயும் உறையாத மூட்டத்துளிகள் நாணல் தாளில் பட்டதும் வெண்பனியாக ஒட்டிக்கொள்கின்றன.

மூட்டத்துளி ஒன்றின் விட்டம் ஏறக்குறைய 10 மைக்ரான். ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. துளி அலையைவிடப் பலமடங்கு பெரிது. ஆகவே எல்லா நிறங்களையும் ஒருபோலச் சிதறடிக்கிறது. மூட்டம் வெண்மையாகத் தெரிகிறது. தெளிந்த காற்றில் உள்ள மூலக்கூறுகளோ அலையைவிட மிகச் சிறியவை. அவை ஊதா ஓரத்து ஒளியைச் சிவப்பு ஓரத்து ஒளியைவிட ஏறத்தாழ ஒன்பது மடங்கு அதிகமாகச் சிதறடிக்கின்றன. தொலைதூரம் நீலமாகத் தெரிவது இதனால். 1880களின் உலர்தகடுகளைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சாதாரணத் தகடுகள் நீலத்துக்கும் ஊதாவுக்குமே நன்றாக உணர்வு காட்டின. சிவப்பு அவற்றுக்குக் குருட்டு நிறம். ஆகவே வெறும் கண்ணுக்கு மெல்லிதாகத் தெரிந்த நீலப்புகை தகட்டில் தடித்துப் பதிந்தது. அக்காலப் படங்களில் நாம் வியக்கும் தூரமங்கலில் ஒரு பங்கு வேதிப்பொருளின் கொடை.

மங்கலுக்குக் கணக்கும் உண்டு. ஜெர்மானியரான கோஷ்மீடர் 1924இல் அதை வகுத்தார். ஒரு பொருளுக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள ஒளிவேறுபாடு தொலைவு கூடக் கூட ஒரே விகிதத்தில் தேய்கிறது; நூற்றில் இரண்டாக அது சுருங்கும் இடத்தைப் பார்வை எல்லை என்கிறோம். வானிலைத் துறையில் மூடுபனி எனப்படுவதற்கு இந்த எல்லை 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். சரியாக 1 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 250 மீட்டரில் நிற்கும் கரிய மரத்தின் வேறுபாடு நூற்றுக்கு 38 ஆகவும், 500 மீட்டரில் 14 ஆகவும் குறைந்திருக்கும். மூட்டம் எல்லாவற்றையும் ஒரேயளவாக வெளிறச் செய்வதில்லை. ஒவ்வொரு பொருளையும் அதனதன் தொலைவுக்கேற்ப வெளிறச் செய்கிறது. இக்கட்டுரையின் பிற்பகுதி முழுதும் இந்த ஒரு செய்தியைச் சார்ந்தே நிற்கிறது.

அடுத்து நீர். நேர்கீழாகப் பார்த்தால் நீர்ப்பரப்பு தன்மேல் படும் ஒளியில் நூற்றுக்கு 2 பங்கையே திருப்பியனுப்புகிறது. மீதி உள்ளே போய்விடும். பார்வை தாழத் தாழப் பிரதிபலிப்பு ஏறுகிறது. நீர்ப்பரப்பிலிருந்து பத்துப் பாகை உயரத்தில் பார்த்தால் 35 பங்கு. கரைமேட்டில் நின்று எடுப்பதற்கும் படகின் தட்டையான தளத்தில் முக்காலியை வைத்து எடுப்பதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். எமர்சன் படகிலிருந்து எடுத்தார். அவருடைய நீர் அவ்வளவு ஒளியோடு இருப்பதற்குப் பாதிக் காரணம் அவர் கேமராவை வைத்த உயரம். ஆனாலும் பிரதிபலிப்பு எந்தக் கோணத்திலும் அசலைவிட இருண்டுதான் இருக்கும். வானத்தைவிட ஏரி வெளிச்சமாகத் தெரியும் படத்தில் பெரும்பாலும் யாரோ வானத்தை மட்டும் தனியே இருட்டாக்கியிருக்கிறார்கள்.

4. கொள்கையும் துறவும்

எமர்சன் 1856இல் கியூபாவில் பிறந்தார். தந்தை அமெரிக்கர், தாய் ஆங்கிலேயர். இங்கிலாந்தில் மருத்துவம் படித்துத் தேறியவர், சில காலத்திலேயே அதை விட்டு ஒளிப்படத்துக்கு வந்தார். தாமஸ் ஃபிரடெரிக் குடால் என்ற ஓவியரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ‘லைஃப் அண்ட் லாண்ட்ஸ்கேப் ஆன் தி நார்ஃபோக் பிராட்ஸ்’ 1886ஆம் ஆண்டுக்குரியது. அதில் 40 பிளாட்டினப் படங்கள். ஆம்பல் பறிப்பவர்கள், வலை கட்டுபவர்கள், சதுப்பிலிருந்து வீடு திரும்புபவர்கள் என்று அந்நிலத்தின் உழைப்பாளிகள் அவற்றில் நிறைந்திருக்கிறார்கள்.

பிளாட்டினத்தை அவர் தேர்ந்ததில் பொருள் இருக்கிறது. வில்லியம் வில்லிஸ் 1873இல் காப்புரிமை பெற்ற முறை அது. வெள்ளிப் படங்களில் முட்டைவெண்கருவோ ஜெலட்டினோ தாளின்மேல் பளபளப்பான படலமாக நிற்கும். பிளாட்டினம் தாளின் நாருக்குள்ளேயே படிகிறது. பரப்பு மங்கலாகவும் மென்மையாகவும் இருக்கும். வெண்மைக்கும் கருமைக்கும் நடுவே நுண்ணிய சாம்பல் படிகள் நிறையக் கிடைக்கும். ஒளிப்படக்காரர்கள் டோன் என்று சொல்லும் இந்தப் படிகளைத் தவிர மூட்டத்தில் படமாக்க வேறொன்றும் இல்லை.

1889இல் ‘நேச்சுரலிஸ்டிக் ஃபோட்டோகிராஃபி’ நூல் வந்தது. மனிதக் கண் காணும் விதத்திலேயே கேமராவும் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் உடலியல் ஒளியியலைத் துணைக்கழைத்து, கண்ணின் நடுப்பகுதி மட்டுமே கூர்மையாகக் காண்கிறது, சுற்றியுள்ளவை மென்மையாகவே தெரிகின்றன, படமும் அப்படியே இருக்க வேண்டும் என்று வாதிட்டார். ஹென்றி பீச் ராபின்சனைப் போலப் பல நெகட்டிவ்களை வெட்டி ஒட்டி ஒரே காட்சியாக்குபவர்களை அவர் கடுமையாகத் தாக்கினார். அவருடைய கடுமைக்குள் ஒரு நேர்மை இருந்தது: ஒரே கணத்தின் காற்று படம் முழுதும் நிறைந்திருக்க வேண்டும் என்ற பிடிவாதம். ஐந்து நெகட்டிவ்களில் ஐந்து காற்றுகள் இருக்கும்.

மறு ஆண்டே அடி விழுந்தது. விட்னஸ் என்ற ஆலைநகரில் இரசாயனத் தொழிற்சாலையில் பணியாற்றிய ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர், வீரோ டிரிஃபீல்ட் என்ற இருவர் 1890 மே மாதம் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தகட்டில் படும் ஒளிக்கும் அதில் படியும் கருமைக்கும் உள்ள உறவைக் கோட்டுப்படமாக வரைந்து காட்டியது அது. டெவலப் செய்யும் நேரத்தைக் கூட்டினால் மொத்தக் கருமை கூடும். ஆனால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள விகிதம் எக்ஸ்போஷர் கொடுத்த கணத்திலேயே முடிவாகிவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள்.

எமர்சனுக்கு இது தாங்க முடியாததாக இருந்தது. இருட்டறையில் டோன்களைத் தம் விருப்பப்படி ஆளலாம், ஓவியர் தூரிகையால் செய்வதை ஒளிப்படக்காரர் டெவலப்பரால் செய்யலாம் என்ற நம்பிக்கையின்மேல்தான் ஒளிப்படம் கலை என்ற அவர் வாதம் நின்றது. அது சரிந்ததும் கருப்பு ஓரமிட்ட ஒரு சிறு வெளியீட்டில் ‘நேச்சுரலிஸ்டிக் ஃபோட்டோகிராஃபியின் மரணம்’ என்று அறிவித்துவிட்டார். ‘நேச்சுரலிஸ்டிக் ஃபோட்டோகிராஃபி’ நூலின் 1899இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் ஒளிப்படம் கலையாகாது என்றே எழுதினார். தாம் நம்பியது பொய் என்று தோன்றியதும் அதைப் பொதுவில் சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. அத்துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் தீர்ப்பை ஏற்க முடியவில்லை.

5. ‘மார்ஷ் லீவ்ஸ்’

1890–91 குளிர்காலத்தில் எமர்சன் பிராட்ஸ் நீர்வழிகளில் படகிலேயே தங்கியிருந்தார். அந்நாட்களில் எடுத்த படங்களில் 16 படங்கள் 1895இல் ‘மார்ஷ் லீவ்ஸ்’ என்ற நூலில் தாமிரத்தகட்டு அச்சாக வெளிவந்தன. முந்தைய நூல்களின் மனிதக்கூட்டம் இதில் மிகவும் அருகிப்போய்விட்டது. உறைபனி, இலையுதிர்ந்த மரங்கள், சதுப்புப் புல், தொலைவில் கரையும் நீர். ‘தி லோன் லகூன்’ போன்ற படங்களில் கண் பற்றிக்கொள்ள மிகச் சில கோடுகளே உள்ளன. மீதி முழுவதும் காற்று.

ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் சொன்னதை இப்படங்களோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். டோன்களின் விகிதம் எக்ஸ்போஷர் கணத்தில் முடிவாகிறது என்றால், அக்கணத்துக்கு முன்னால் அதை முடிவு செய்வது எது? எமர்சன் எந்த விடியலில் எழுந்தார், படகை எங்கே கட்டினார், மூட்டம் நூறு மீட்டருக்குத் தடித்திருந்தபோது எடுத்தாரா, கொஞ்சம் விலகும்வரை காத்திருந்தாரா என்பவை. வெயிலில் ஓர் ஏரிக்காட்சியின் ஒளிவேறுபாடு பிளாட்டினத் தாள் தாங்கும் அளவை மீறிவிடும். மூட்டத்தில் அது முழுதாகத் தாளுக்குள் அடங்கும். தூரத்துக்குத் தூரம் படிப்படியாக வெளிறும் சாம்பல்களை எந்த டெவலப்பரும் தரவேண்டியதில்லை. அவை ஏற்கெனவே காட்சியில் உள்ளன. தகடு அவற்றை விகிதம் மாறாமல் வாங்கிக்கொள்கிறது என்பது கலைஞனுக்குக் கிடைத்த உறுதிமொழி. எமர்சன் அதைத் தண்டனையாக எண்ணிக்கொண்டார்.

நிலத்தையும் பொழுதையும் ஒருசேர முதற்பொருளாக வைத்து, பனிக்காலத்தையே முன்பனி, பின்பனி என்று பிரித்தறிந்த தமிழ் இலக்கண மரபில் பயின்றவர்களுக்கு இவ்வாதம் புதிதாகத் தோன்றாது. பொழுதைத் தேர்வதே ஆக்கத்தின் முதற்செயல் என்பது தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் ஊறிக்கிடக்கும் எண்ணம். எமர்சன் கற்றிருந்த ஐரோப்பிய அழகியலிலோ, கலைஞன் என்பவன் கையால் மாற்றுபவன். கை மாற்ற முடியாததைக் கலை என்று ஏற்க அவருக்கு வழி தெரியவில்லை. அவருடைய கண்ணும் காலும் ஏற்றுக்கொண்டிருந்தன.

6. இரு பின்தோன்றல்கள்

கையால் மாற்றும் வழி எங்கே கொண்டுசெல்லும் என்பதற்கு எட்வர்ட் ஸ்டைக்கன் 1904இல் நியூயார்க் மாநிலத்தின் மமரோனெக்கில் எடுத்த ‘தி பாண்ட் – மூன்லைட்’ சான்று. கலை விமர்சகர் சார்லஸ் காஃபின் அங்கே வாழ்ந்துவந்தார். அவ்வூரின் காட்டுக்குளம் அது. மரங்களுக்கிடையே நிலவு எழும்ப, அதன் ஒளி நீரில் விழுகிறது. பிளாட்டினப் படத்தின்மேல் நிறமிகளைப் படலம் படலமாகக் கையால் ஏற்றி, நீலமும் பச்சையும் கலந்த அந்த இருளை ஸ்டைக்கன் உண்டாக்கினார். மூன்று பிரதிகளே அறியப்படுகின்றன. மூன்றும் நிறத்தில் வேறுபடுகின்றன. அவற்றுள் ஒன்று 2006 பிப்ரவரியில் சுமார் 29 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைக்கு ஓர் ஒளிப்படம் ஏலத்தில் பெற்ற மிக உயர்ந்த விலை அது. பேரழகான படம். ஆனால் அதன் இருள் தாளைச் சேர்ந்தது. அந்தக் குளத்தின் காற்று எப்படியிருந்தது என்பதை அது நமக்குச் சொல்வதில்லை. பிரதிக்குப் பிரதி வானிலை மாறுகிறது.

மைக்கேல் கென்னா 1953இல் பிறந்தது விட்னஸில், அதாவது ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் ஆய்வு செய்த அதே ஊரில். ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் குஷாரோ ஏரிக்கரையில் அவர் பனிக்காலத்தில் எடுத்த படங்கள் பெயர்பெற்றவை. ஃபிலிம், சதுர வடிவம், உள்ளங்கைகள் இரண்டை விரித்த அளவே ஆன சிறிய பிரிண்ட். எமர்சனைப் போலவே பருவத்தைத் தேர்ந்து காத்திருப்பவர். கூடவே நீண்ட எக்ஸ்போஷரையும் கையாள்கிறார். இரவுப் படங்களில் அது மணிக்கணக்காக நீளும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. காற்று ஓய்ந்ததால் அமைதியான நீரில் பிரதிபலிப்பு கூர்மையாக இருக்கும். அலையும் நீரை நீண்ட எக்ஸ்போஷரால் அமைதியாக்கினால் பரப்பு வழவழப்பாகும். ஆனால் பிரதிபலிப்பு மேலும் கீழுமாக இழுபட்டுக் கரைந்துவிடும். முன்னது காற்றின் ஓய்வு, பின்னது காலத்தின் சராசரி. கென்னா இரண்டையும் அறிந்தே பயன்படுத்துகிறார். அவரைப் பார்த்து இன்று எல்லா நீரையும் பாலாக்கிவிடுபவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை என்பது என் வருத்தம்.

7. கணினியில் மூட்டம்

கோஷ்மீடரின் சமன்பாட்டைத் தலைகீழாக்கினால் படத்திலிருந்து மூட்டத்தை அகற்றலாம். கைமிங் ஹீ, ஜியான் சன், சியாவோ டாங் ஆகிய மூவர் 2009இல் முன்வைத்த முறை இதில் ஒரு திருப்புமுனை. மூட்டமற்ற வெளிப்புறப் படத்தில், வானம் தவிர்த்த எந்தச் சிறு பகுதியிலும் மூன்று நிறங்களில் ஒன்றாவது மிக இருண்டிருக்கும் என்ற எளிய கவனிப்பிலிருந்து, எங்கே எவ்வளவு மூட்டம் சேர்ந்திருக்கிறது என்பதை அவர்கள் கணித்தார்கள். இன்று படத்திருத்தச் செயலிகளில் மூட்டத்தைக் குறைக்கவும் கூட்டவும் ஒரு நகர்த்துப்பட்டி இருப்பது வழக்கமாகிவிட்டது.

கூட்டுவதில்தான் சிக்கல். படம் முழுவதற்கும் ஒரே அளவில் வேறுபாட்டைக் குறைத்தால் கிடைப்பது அழுக்குக் கண்ணாடி வழியே பார்த்த காட்சி. அருகிலுள்ள நாணலும் வெளிறிவிடும். தொலைவை மதிப்பிட்டு, அதற்கேற்ப மூட்டம் சேர்க்கும் செயலிகள் இதைவிட மேல். ஆனால் ஏரிக்கரையில் அவையும் ஓரிடத்தில் சறுக்கக்கூடும். எதிர்க்கரை மரத்தின் பிரதிபலிப்பு நமக்கு அருகில் உள்ள நீர்ப்பரப்பில் தெரிகிறது. செயலி நீர்ப்பரப்பின் தொலைவையே கணக்கில் கொண்டால், மரத்தை வெளிறச் செய்துவிட்டு அதன் பிரதிபலிப்பைக் கருமையாகவே விட்டுவிடும். மெய்யான மூட்டத்தில் பிரதிபலிப்பின் ஒளி மரத்திலிருந்து நீருக்கும் நீரிலிருந்து நம் கண்ணுக்கும் அதே தொலைவைக் கடந்து வருகிறது; மரம் எவ்வளவு வெளிறியதோ அவ்வளவாவது அதுவும் வெளிற வேண்டும். மூட்டம் நீரை ஒட்டித் தாழ்வாகப் படிந்திருந்தால், அந்த ஒளி மூட்டத்துக்குள் இறங்கி ஏறி வருவதால், பிரதிபலிப்பு மரத்தைவிடவும் மங்கலாக இருக்கும். மரம் பாதி கரைந்திருக்க, அதன் தலைகீழ் உரு நீரில் திருத்தமாக நிற்கும் படத்தில், அந்தக் காலையில் அந்த ஏரியின்மேல் மூட்டம் இருந்திருக்க வழியில்லை.